படியேறி வந்த வாடகை

ஹாங்காங்கின் பழைய மலைச்சரிவுப் பேட்டைகளில் தெருக்களே படிக்கட்டுகள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வண்டியையும் பெரிய வியாபாரத்தையும் தள்ளி நிறுத்திய அந்தக் கற்படிகளுக்குப் பக்கத்தில் எஸ்கலேட்டரும் மெட்ரோவும் வந்து சேர்ந்த கதை இது.

ஷெங் வான் மெட்ரோ நிலையத்திலிருந்து தெற்கே நடந்து குயின்ஸ் ரோட்டைக் கடந்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரியும். சந்து என்று நினைத்துக் காலை வைத்தால் தரை அப்படியே மேலேறுகிறது. வண்டி போக வழியே இல்லை. தெரு முழுக்கப் படிகள். பெயர்ப்பலகை ‘லேடர் ஸ்ட்ரீட்’ என்கிறது. கட்டடங்களுக்குக் கதவிலக்கம் இருக்கிறது, தபால்காரர் வருகிறார், குப்பை அள்ள ஆள் வருகிறது. மாநகரக் கணக்கில் மற்றத் தெருக்களைப் போல இதுவும் ஒரு தெருதான்.

1841-க்கும் 1850-க்கும் இடையில் போட்டது. மலைமேல் இருக்கும் கெய்ன் ரோடு வரை ஏறுகிறது, சுமார் முந்நூறு படிகள். ஒரே மூச்சில் ஏறவேண்டியதில்லை. கொஞ்சம் படி ஏறினால் ஒரு தளம் வரும், அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு தெரு பிரியும், நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கீழ்ப்பகுதியில் பிரிவது அப்பர் லஸ்கர் ரோ. ஆங்கிலேயர் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளுக்கு லஸ்கர்கள் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரையிறங்கிய அவர்கள் தங்கிய தெரு இது. இன்று அங்கே பழம்பொருள் கடைகள்: செப்புக்காசு, ஜேட் வளையல், மாவோ படம் போட்ட கடிகாரம். நம்மூர்க் கடலோரத்திலிருந்து போன யாராவது ஒருவர் இந்தக் கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்திருக்கக்கூடும் என்ற நினைப்பைத் தவிர்க்க முடியவில்லை.

இன்னும் மேலே, ஹாலிவுட் ரோட்டின் மூலையில் மேன் மோ கோயில். 1847-இல் கட்டியது. கல்விக்கு ஒரு தெய்வம், போருக்கு ஒரு தெய்வம், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வீற்றிருக்கிறார்கள். கூரையிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் ஊதுவத்திகள் நாள்கணக்கில் எரியும்; அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் சாம்பல் தோளில் உதிரும். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளை இப்போதும் பெற்றோர் இங்கே கூட்டி வருகிறார்கள். கோர்ட்டு வாசலை மிதிக்க விரும்பாத சீனர்கள் சேவல் தலையை வெட்டிச் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொண்டதும் இங்கேதான். கோயிலைத் தாண்டி ஏறினால் பிரிட்ஜஸ் ஸ்ட்ரீட்டில் 1918-இல் எழுந்த செங்கல் கட்டடம், ஒய்.எம்.சி.ஏ. சீன எழுத்தாளர் லூ சுன் 1927-இல் அங்கே வந்து பேசினார். ‘த வேர்ல்ட் ஆஃப் சூசி வாங்’ படத்துக்காக 1960-ஐ ஒட்டி ஹாலிவுட்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்ததும் இதே படிகளுக்குத்தான்.

இவ்வளவும் கால்மணி நேரத்து ஏற்றத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஊர் பார்க்கப் போகிறவர்கள் மேலே ஏறி, படம் எடுத்து, இறங்கிவிடுவார்கள். ஆனால் இந்தப் படிகள் ஏன் இங்கே இருக்கின்றன, யாருக்காகப் போட்டார்கள், இன்று அவற்றின் ஓரத்தில் யாரால் குடியிருக்க முடிகிறது என்று கேட்கத் தொடங்கினால், நகரத்தின் மொத்தக் கதையும் கூடவே ஏறி வருகிறது.

மலையில் யாருக்கு எந்த இடம்

ஹாங்காங் தீவு கடலிலிருந்து நேராக எழும் மலை. 1841 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படை கொடி நட்டபோது சமதளம் என்று சொல்லக் கரையோரத்தில் ஒரு பட்டை நிலம்தான் இருந்தது. அதைக் கம்பெனிகளும் ராணுவமும் எடுத்துக்கொண்டன. நகரின் நடுவே இருந்த பஜாரில் தொழில் செய்து குடியிருந்த சீனர்களை 1844-இல் கிளப்பி, மேற்கே டாய் பிங் ஷான் என்னும் சரிவுக்கு அனுப்பினார்கள். தெருப் போட மலையை வெட்டிச் சமப்படுத்தப் பணமோ மனமோ இல்லாத இடங்களில் படி வெட்டினார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லை, தீவே கருங்கல். அதை உடைக்கவும் செதுக்கவும் தெரிந்த ஹக்கா இனத்துக் கல்தச்சர்களுக்கும் பஞ்சமில்லை.

மலையின் உயரம் சீக்கிரமே ஒரு சமூக அளவுகோல் ஆகிவிட்டது. 1888-இல் கெய்ன் ரோட்டுக்கு மேலே சீன முறையிலான நெருக்கமான குடியிருப்புகளைக் கட்டக்கூடாதென்று ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் மலையுச்சிக்குப் போகும் பீக் டிராமும் ஓடத் தொடங்கியது. 1904-இல் இன்னொரு சட்டம், உச்சிப்பகுதியைச் சீனர்கள் குடியிருக்க முடியாத இடமாக ஆக்கியது. 1946 வரை அது நீங்கவில்லை. டிராமில் முன்வரிசை இருக்கை கவர்னருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் வராவிட்டாலும், வண்டி புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்வரை வேறு யாரும் அதில் உட்காரக்கூடாது.

கீழே சீனர்கள், நடுவில் வசதியானவர்கள், உச்சியில் ஆள்பவர்கள். இந்த மூன்று அடுக்கையும் கோத்தது படிக்கட்டு. பல்லக்குத் தூக்கிகள் துரைமார்களைச் சுமந்துகொண்டு அதில் ஏறினார்கள். கரியும் அரிசியும் தண்ணீரும் காவடியில் தொங்கிக்கொண்டு அதில்தான் போயின. மேலே வாழ்ந்தவர்களின் சௌகரியம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கெண்டைக்கால் தசையின் வழியாகத்தான் போய்ச்சேர்ந்தது.

டாய் பிங் ஷானில் நெரிசல் அளவுகடந்தது. ஊர்விட்டு வந்து இறந்தவர்களின் பெயர்ப்பலகைகளை வைக்க 1850-களில் அங்கே ஒரு நினைவுக்கோயில் கட்டினார்கள். நாளடைவில், போக்கிடமில்லாத நோயாளிகளையும் கொண்டுவந்து கிடத்தினார்கள். செத்தவர்களும் சாகக்கிடப்பவர்களும் ஒரே அறையில் கிடந்தது 1869-இல் வெளியே தெரிந்து பெரிய கொந்தளிப்பாகி, அதன் விளைவாகத்தான் டுங் வா ஆஸ்பத்திரி தோன்றியது. சீனர்களே பணம் போட்டு நடத்திய அந்த ஆஸ்பத்திரி 1872-இல் திறந்தது. இன்றும் அதே தெருக்கூட்டத்தில் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது.

1894-இல் பிளேக் வந்தது. அந்த ஒரு வருடத்தில் 2,500-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் இந்தப் படியோரத்துச் சீனர்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் வீடுவீடாக நுழைந்து தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே இழுத்துப் போட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சீனாவுக்குத் திரும்பினார்கள். அந்த ஜூன் மாதத்தில் அலெக்ஸாண்டர் யெர்சின் என்ற மருத்துவர் ஓலைக் குடிசை ஒன்றில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பிளேக் கிருமியைக் கண்டார். கிருமிக்கு அவர் பெயரே அமைந்தது. அரசாங்கம் டாய் பிங் ஷானின் பெரும்பகுதியைக் கையகப்படுத்தி இடித்துத் தள்ளியது. இடித்த இடத்தில் ஒரு பகுதி இன்றைய பிளேக் கார்டன் பூங்கா. பெயர் நோயிலிருந்து வந்ததல்ல, கவர்னர் ஹென்றி பிளேக்கிலிருந்து வந்தது. மாலையில் அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். பூங்காவுக்கு மேலே 1906-இல் கட்டிய கிருமி ஆய்வுக்கூடம் இப்போது மருத்துவ அருங்காட்சியகம்.

இந்தப் பேட்டையின் மக்களை அப்புறப்படுத்துவது புதிய வழக்கமல்ல என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். 1844-இல் அதற்குக் காரணம் நிலம். 1894-இல் நோய்.

கல்லும் தண்ணீரும் வேரும்

எங்காவது ஒரு தளத்தில் நின்று படியைக் குனிந்து பாருங்கள். பழைய கல்லில் உளி கொத்திய தடம் இன்னும் இருக்கும். வழுக்காமல் இருக்கக் கொத்தியது. நடுப்பகுதி தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும். ஓரத்தில், படியோடு படியாகச் சாய்ந்து இறங்கும் ஒரு வாய்க்கால். மழைக்காலத்தில் மலைத்தண்ணீர் இரைந்துகொண்டு இதன் வழியாகத்தான் இறங்கும். மத்தியப் பகுதியில் இருக்கும் பாட்டிங்கர் ஸ்ட்ரீட்டில் கற்களை ஒன்று மேடாகவும் ஒன்று பள்ளமாகவும் மாற்றி மாற்றிப் பதித்திருக்கிறார்கள். மேட்டுக்கல்லில் கால் வைத்தால் பிடிப்பு, பள்ளத்தில் தண்ணீர் ஓடிவிடும். பார்க்க ஒழுங்கில்லாததுபோல் தெரிவதில் எத்தனை யோசனை!

படிக்கு இருபுறமும் எழும் கல்சுவர்கள் மலையைப் பிடித்து நிறுத்தியிருப்பவை. சுவரில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள், உள்ளே தேங்கும் நீர் வடிய. அது அடைபட்டால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். 1925 ஜூலையில் விடாத மழையில் போ ஹிங் ஃபோங் என்ற தெருவுக்கு மேலிருந்த சுவர் சரிந்து வீடுகள் நொறுங்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பிளேக் கார்டனுக்கு அடுத்த தெரு அது. 1972 ஜூன் 18 அன்று போ ஷான் ரோட்டில் மலையே வழுக்கி இறங்கி அடுக்குமாடிக் கட்டடத்தை அடித்துக்கொண்டு போனதில் 67 பேர். அந்தக் காலத்துச் சரிவுகளுக்குப் பிறகுதான், 1977-இல், மலைச்சரிவுகளைக் கண்காணிக்கத் தனித்துறை வந்தது. இன்று ஹாங்காங்கில் மனிதர் வெட்டிய சரிவும் கட்டிய சுவருமாகச் சுமார் 60,000 இடங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. சுவரில் எழுத்தும் எண்ணும் பொறித்த சின்னத் தகடு ஒன்று அறைந்திருக்கும், கவனித்தால் தெரியும். அதுதான் அந்தச் சுவரின் பதிவு எண்.

சுவரின் கல்லிடுக்குகளில் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. ஆலமர வகை. பறவை போட்ட விதை சாந்தில்லாத இடுக்கில் முளைத்து, வேர் சுவரெங்கும் வலையாகப் படர்ந்து, கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. மண்ணே இல்லாத செங்குத்துச் சுவரில் நாற்பது ஐம்பது அடி மரம்! அதன் நிழல்தான் கீழே படியில் உட்காருபவர்களுக்குப் பந்தல். 2015 ஜூலையில் பான்ஹம் ரோட்டில் இப்படிப்பட்ட ஒரு மரம் முறிந்து விழுந்தது. அடுத்த மாதமே அதே சுவரிலிருந்த நான்கு மரங்களை, ஆபத்து என்று சொல்லி, ஒரே இரவில் வெட்டிவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தவர்கள் கொதித்தார்கள். மரத்தைக் காப்பாற்ற வேறு வழி இருந்ததா என்ற வாக்குவாதம் நீண்டநாள் நடந்தது. வேரும் கல்லும் வாய்க்காலும் ஓட்டையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அவற்றில் ஒன்றைப் பிடுங்கும்போது மற்றவற்றையும் தொட்டுவிடுகிறோம். அதனால்தான் அந்த வாக்குவாதத்தில் என் மனம் மரத்தின் பக்கம்.

வண்டி வராத தெருவின் பிழைப்பு

படித்தெருவில் லாரி நிற்க முடியாது. கார் வைத்திருப்பவர் வீட்டு வாசலில் இறங்க முடியாது. பெரிய கடைக்காரருக்குச் சரக்கு இறக்க வழியில்லை. ஆகவே நில விலை மதிப்பவர்கள் பல காலம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான்கைந்து மாடி, லிஃப்ட் கிடையாது, ‘டோங் லாவ்’ என்கிற பழைய பாணிக் கட்டடம். கீழே கடை, மேலே குடித்தனம். மாடி ஏற ஏற வாடகை இறங்கும்.

அந்த மலிவில் ஓர் உலகமே ஒண்டிக்கொண்டது. படியோரச் சுவரில் ஒட்டியபடி பச்சைத் தகரப் பெட்டிக்கடைகள். காலையில் கதவைத் திறந்தால் அதுவே பலகை, மாலையில் மூடினால் வெறும் பெட்டி. செருப்பு தைப்பவர், சாவி போடுபவர், கடிகாரம் பழுது பார்ப்பவர், ஜிப் மாற்றித் தருபவர். பாட்டிங்கர் ஸ்ட்ரீட்டில் பொத்தானும் ரிப்பனும் மாறுவேட உடைகளும் விற்கும் பெட்டிகள் இரண்டு பக்கமும் படிபோலவே ஏறிப் போகும். சமதளத்துக் கடையில் கால்வைக்கக் காசு வேண்டும். படித்தளத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டால் போதும்; முடிவெட்டுகிறவரும் அரட்டை அடிப்பவரும் பூனைக்குச் சோறு வைப்பவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டுவேலைக்கு வந்திருக்கும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள் அட்டையை விரித்துப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சீட்டாடுவார்கள், ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள். காசு கொடுக்காமல் உட்கார இடம் தராத நகரத்தில் படி தருகிறது.

இந்தச் சித்திரத்தை அழகாக மட்டும் சொல்லிவிடக்கூடாது. கேஸ் சிலிண்டர் போடுபவரைப் பாருங்கள். சிலிண்டரைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் வளையத்தைப் பிடித்து, மறு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு ஏறுவார். தலையைத் தூக்கவே மாட்டார், அடுத்த படி மட்டும்தான் கண்ணில். தெருப்படி முடிந்ததும் கட்டடத்துப் படி ஆரம்பிக்கும். பழைய அட்டைப்பெட்டி பொறுக்கி விற்கும் மூதாட்டிகளுக்குத் தள்ளுவண்டியைப் படியில் ஏற்ற வழியில்லை. கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றுவழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எழுபது வயதில் முழங்கால் போனவர்களுக்கு ஐந்தாம் மாடி வீடும் அதற்குக் கீழே நூறு படியும் ஒருவகைச் சிறைவாசம். மாதக்கணக்கில் வெளியே வராத முதியவர்கள் இப்படிப்பட்ட கட்டடங்களில் உண்டு.

நகரும் படி

1993 அக்டோபரில் மத்தியப் பகுதியிலிருந்து மிட்லெவல்ஸ் குன்றுக் குடியிருப்புகளுக்கு எஸ்கலேட்டர் திறந்தார்கள். திறந்தவெளியில், கூரையோடு, தெருக்களுக்கு மேலே தொடர்ச்சியாக 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் உயரம். ஒரே எந்திரமல்ல, பல எஸ்கலேட்டர்களும் நகரும் நடைபாதைகளும் சங்கிலியாக இணைந்தது. மலைமேல் குடியிருப்போர் காரை விட்டுவிட்டு இதில் இறங்குவார்கள், நெரிசல் குறையும் என்பது திட்டம். நெரிசல் குறையவில்லை, 1996-இல் அரசுத் தணிக்கையே அதைச் சுட்டிக்காட்டியது. ஆனால் வேறொன்று நடந்தது. எஸ்கலேட்டர் போகும் உயரம் பல இடங்களில் பக்கத்துக் கட்டடங்களின் முதல் மாடி. யாருமே பார்க்காத முதல்மாடி ஜன்னல்கள் திடீரென்று கடைத்தெரு ஆகின. வாங் கார்-வாயின் ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ படம் 1994-இல் வந்தபோது, எஸ்கலேட்டரில் போகும் பெண் குனிந்து அருகிலுள்ள வீட்டை எட்டிப்பார்க்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. குடித்தனக்காரர்களின் ஜன்னலோரம் அன்றாடம் பல்லாயிரம் பேர் போய்வந்தார்கள்.

ஹாலிவுட் ரோட்டுக்குத் தெற்கே, அச்சகங்களும் மளிகைக்கடைகளும் இருந்த சரிவு, சில ஆண்டுகளில் மதுக்கூடங்களும் வெளிநாட்டு உணவகங்களும் நிறைந்த ‘சோஹோ’ ஆனது. ஷெல்லி ஸ்ட்ரீட்டில் எஸ்கலேட்டரை ஒட்டி, படிகளின் மேல் ஹாங்காங்கின் முதல் மசூதியான ஜாமியா மசூதி இருக்கிறது. அந்த வளாகத்தின் பச்சை அமைதிக்கும் பத்தடி தள்ளிய கண்ணாடிக் கோப்பைச் சத்தத்துக்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கிறது ரப்பர் கைப்பிடி.

இந்த எந்திரத்தின் நேர அட்டவணையைக் கவனியுங்கள். காலை ஆறிலிருந்து பத்துவரை கீழ்நோக்கி ஓடும். அதற்குப் பிறகு நள்ளிரவுவரை மேல்நோக்கி. அதாவது மேலே குடியிருந்து கீழே ஆபீஸ் போகிறவருக்கு இரண்டு பக்கமும் எந்திரம் துணை. மேல்வீடுகளில் கூட்டிப் பெருக்கவும் காவல் நிற்கவும் காலை ஏழு மணிக்குக் கீழேயிருந்து வருபவருக்கு ஏறும்போது கற்படி. சாயங்காலம் வேலை முடிந்து இறங்கும்போதும் கற்படி. யாரும் கெட்ட எண்ணத்தோடு வகுத்த அட்டவணையல்ல. எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பல்லக்கு நாளிலிருந்து இந்த மலையில் யாருடைய கால் கணக்கில் வருகிறது என்பது அதில் தெரிகிறது.

முதல் எஸ்கலேட்டரின் கூட்டத்தைக் கண்டதும் எல்லாப் பேட்டைகளும் கேட்டன. 2009-இல் அரசாங்கம் இப்படி வந்த 20 கோரிக்கைகளை மதிப்பிட்டு 18-ஐ வரிசைப்படுத்தி வைத்தது. மேற்கே சாய் யிங் புன்னில், ஏறிக்கொண்டே போகும் சென்டர் ஸ்ட்ரீட்டின் நடுவில் 2010-களின் தொடக்கத்தில் எஸ்கலேட்டர் வந்தது. 2014 டிசம்பரில் மெட்ரோ மேற்கே நீண்டது, 2015 மார்ச்சில் சாய் யிங் புன் நிலையமும் திறந்தது. மலைக்கடியில் ஆழத்தில் இருக்கும் நிலையத்திலிருந்து லிஃப்ட் நேரே மேல்தெருவுக்குக் கொண்டு விடுகிறது. நூறு படிக்கு மேல் ஏறவேண்டிய இடத்துக்கு ஒரு நிமிடம். கருவாட்டுக் கடையும் சவப்பெட்டிக் கடையும் இருந்த மேற்குப் பேட்டைக்குக் காப்பிக் கடைகள் படையெடுத்தன. வாடகை அந்த லிஃப்டிலேயே ஏறி வந்தது.

பவுண்ட் லேன் கேட்ட கேள்வி

டாய் பிங் ஷானில் பவுண்ட் லேன் என்றொரு படித்தெரு. ஒருகாலத்தில் திரியும் மாடுகளைக் கட்டிவைக்கும் பட்டி இருந்த இடம். வீட்டில் குழாய் இல்லாத காலத்துப் பொதுக் குளியலறையும் கழிப்பறையும் இன்றும் இயங்குகின்றன. அந்தப் படிகளின் மேல் எஸ்கலேட்டர் போடலாம் என்ற யோசனை 2010-களில் தீவிரமானபோது பேட்டை இரண்டுபட்டது.

வேண்டாம் என்றவர்கள், பலர் இளைஞர்கள், கலைஞர்கள், புதிதாகக் கடை திறந்தவர்கள். சோஹோவைக் கண்ணால் பார்த்தவர்கள். எந்திரம் வந்தால் மரநிழலும் தளத்து அரட்டையும் போகும், பின்னாலேயே கட்டடம் வாங்குகிறவர்கள் வருவார்கள் என்றார்கள். வேண்டும் என்றவர்களில் நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள். நீங்கள் படம் எடுக்க அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக நான் ஆயுசுக்கும் படியேறவேண்டுமா என்பது அவர்கள் பக்கத்து நியாயம். திட்டம் கிடப்பில் போனது.

இரண்டு பக்கமும் சரி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. முழங்கால் வலிக்குப் பதில் சொல்லாத பாரம்பரியப் பற்று எனக்கு உடன்பாடில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேல்தெரு போக வழி வேண்டும். அது சலுகையல்ல, உரிமை. லிஃப்ட் போடுங்கள், படியைப் பெயர்க்காமல் பக்கத்தில் போடுங்கள். தொழில்நுட்பம் இல்லாத ஊரா ஹாங்காங்? ஆனால் லிஃப்டைத் திறந்துவைத்து நாடாவை வெட்டிய மறுநாள் யாருக்காகப் போட்டோமோ அவர் அங்கே குடியிருப்பாரா என்பதை யாரும் கேட்பதில்லை. திட்ட அறிக்கைகளில் ஏற்றத்தின் உயரமும் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்பதும் இருக்கும். வாடகை எவ்வளவு ஏறும் என்ற பத்தி இருக்காது. முதியவரைக் காரணம் காட்டி வரும் எந்திரம், முதியவரையே வெளியேற்றினால் அந்தக் கணக்கை யார் தலையில் எழுதுவது?

ஹாங்காங்கில் குடித்தனங்களுக்கான வாடகைக் கட்டுப்பாடு 1998-இல் நீங்கியது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி இருந்த பாதுகாப்பும் 2004-இல் போனது. ஒரு வீட்டைப் பலகைத் தடுப்பால் நாலைந்தாகக் கூறுபோட்ட அறைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களுக்காக மட்டும் 2022 ஜனவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம், விரும்பினால் இன்னும் இரண்டு வருடம். புதுப்பிக்கும்போது பத்து சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்றக்கூடாது. நல்லதுதான். ஆனால் முதல் வாடகை எவ்வளவு என்பதற்கு வரம்பில்லை. நான்கு வருடம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து பேரம். கூறுபோடாத முழு வீட்டில் குடியிருக்கும் கிழத் தம்பதிக்கும், படியோரக் கட்டடத்தில் கீழ்க்கடை வைத்திருக்கும் அச்சுக்காரருக்கும் இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

கல்லுக்கு மட்டும் காவல் இருக்கிறது. லேடர் ஸ்ட்ரீட்டும் பாட்டிங்கர் ஸ்ட்ரீட்டும் முதல்தரப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. மத்தியப் பகுதியில் டடெல் ஸ்ட்ரீட்டின் அகலப் படிகளும் அதன் நான்கு கேஸ் விளக்குகளும் 1979-இலேயே பாதுகாக்கப்பட்ட சின்னம். ஹாங்காங்கில் இன்னும் எரியும் தெருக் கேஸ் விளக்குகள் அவை மட்டும்தான். 2018 செப்டம்பரில் மங்குட் சூறாவளி மரத்தைச் சாய்த்து அவற்றை நொறுக்கியபோது, கற்களைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல் பாடுபட்டு 2019 முடிவதற்குள் பழையபடி நிறுத்தினார்கள். அருமையான வேலை. நான்கு விளக்குக் கம்பங்களுக்குக் காட்டிய பொறுமையைக் குடித்தனக்காரர்களுக்கும் காட்டலாம் என்பதுதான் என் வழக்கு.

முடியாத காரியமுமல்ல. விங் லீ ஸ்ட்ரீட் என்ற ஒடுக்கமான மேடையில் 1950-கள் பாணிக் கட்டடங்கள் வரிசையாக இருந்தன, படியேறித்தான் அங்கே போகமுடியும். நகரப் புதுப்பிப்பு ஆணையம் அவற்றை இடிக்கத் திட்டமிட்டிருந்தது. ‘எக்கோஸ் ஆஃப் த ரெயின்போ’ என்ற படம் அங்கே எடுக்கப்பட்டு 2010-இல் பெர்லின் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. ஊர்க் கவனம் திரும்பியது, தெரு பிழைத்தது. பக்கத்தில் ஷிங் வாங் ஸ்ட்ரீட் படித்தெருவை ஒட்டிய வீடுகளையும் பல ஆண்டு இழுபறிக்குப் பின் இடிப்பதற்குப் பதில் புதுப்பிப்பது என்று அரசு மனம் மாறியது. நல்ல செய்தி. ஆனால் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிக் காலி செய்த அத்தனை ஆண்டுகளில் பழைய குடித்தனங்கள் ஏற்கெனவே கலைந்திருந்தன. கட்டடம் நின்றது, பேட்டை கரைந்தது.

மேலே போக இன்னும் எந்திரத் திட்டங்கள் வரிசையில் இருக்கின்றன; வரட்டும். ஒவ்வொன்றின் கோப்பிலும், படியோரம் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்று வேலை தொடங்கும் முன்பே ஏறவேண்டும். தகரப் பெட்டிக்கடையின் உரிமம் யார் பெயரில், மூன்றாம் மாடிக் கிழவி தரும் வாடகை எவ்வளவு, லிஃப்ட் திறந்து ஐந்து வருடம்வரை அந்த வாடகைக்கு யார் பொறுப்பு. அறுபதாயிரம் சரிவுக்கும் சுவருக்கும் தகடு அறைந்து, எண் கொடுத்து, தன் பொறுப்பில் உள்ளவற்றில் வருடந்தோறும் ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்க்கும் அரசாங்கம் அது. இந்தப் பட்டியல் அதற்குப் பெரிய வேலையல்ல.